இருபதாம் ப்ளாக் பார்சல்

"பார்சல் எங்கத்தா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள் ஷப்னம். வடலூர் வரை போய் வாங்கி வந்த ஐஸ் கட்டி, பையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அது காலையிலயே வந்துடுச்சும்மா. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டும் வந்துட்டேன்" என்றார் அப்துல் வாஹித். நிலக்கரிச் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்த மனுஷன், தூக்கத்தைத் தியாகம் செய்து மகளுக்கு ஓர் உதவி செய்திருக்கிறார். குரலில் பெருமை இல்லாமல் இருக்குமா?

"குடுத்துட்டீங்களா? யாருகிட்ட?"

"கொரியர் தம்பி ப்ளாக் மாத்தி நம்ம வூட்ல குடுத்துட்டான். உன் பேருதான் இருந்துச்சு. ஆனா கீழ செவப்பு எழுத்துல பெருசா 'ஸ்டோர் அட் -20 சி'ன்னு போட்டிருந்துச்சே, நான் பாக்காம இருப்பனா? அப்படின்னா நம்ம டவுன்ஷிப்புல இருபதாம் ப்ளாக், சி டைப் குவார்ட்டர்ஸ். அந்தப் பக்கம் புதுசா தொறந்திருக்கிறது சவரிராஜ் ஸ்டோர் ஒண்ணுதான். நீ அங்க போய் வாங்கிக்கிறதா சொல்லியிருப்பியோன்னு நெனச்சிக்கினு, வாசல்லயே அவருகிட்ட குடுத்துட்டு வந்துட்டேன்."

ஷப்னம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அத்தா, அது ப்ளாக் நம்பர் இல்ல! மைனஸ் இருபது டிகிரி! ஃப்ரீசர்ல வைன்னு அர்த்தம்!"

சமையலறையிலிருந்து அம்மா பதுருன்னிசா எட்டிப் பார்த்தாள். "அதுக்குத்தானே ஃப்ரீசர்ல இருந்த என் கறியெல்லாம் எடுத்து வெளிய போட வெச்சா உங்க பொண்ணு! நீங்க அத வெயில்ல ஊர்வலம் வுட்டுட்டு வந்தீங்களாக்கும்? நல்லா இருக்குது!"

ஷப்னம் சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி. ஆய்வகம் விடுமுறை என்பதால் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தாள். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய அந்தச் சின்னக் குப்பிக்காக மாதக்கணக்கில் தவம் கிடந்திருக்கிறாள். சூடு பட்டால் அது ஒன்றுக்கும் உதவாது. இன்னொன்று வரும்வரை ஆராய்ச்சி அப்படியே நிற்கும்.

அத்தாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினாள். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது.

"அப்படி என்னம்மா மருந்து அது? யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"யாருக்கும் குடுக்கிற மருந்து இல்லத்தா. செல்லுக்குள்ள ஒரு புரதம் இன்னொண்ணுக்கு சிக்னல் குடுத்துக்கினே இருக்கும். இது நடுவுல பூந்து ஒரே ஒரு சிக்னல மட்டும் நிறுத்தும். அப்ப எந்த வேலை நின்னு போவுதுன்னு பாத்தா, அந்த சிக்னல் எதுக்குன்னு தெரிஞ்சுடும்."

"ஓ... சுரங்கத்துல கரி போற ஒரு பெல்ட்ட நிறுத்திட்டு, 'கரி வரல'ன்னு எங்கேருந்து கத்துறாங்கன்னு பாக்கிற மாதிரி!"

அவ்வளவு கோபத்திலும் ஷப்னத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதேதான். இப்ப நீங்க என் பெல்ட்டயே நிறுத்திட்டீங்க."

அவர் மெல்லக் கேட்டார்: "நான் வேணும்னா உங்க சாருகிட்ட வந்து, தப்பு என்னுதுதான்னு சொல்லட்டுமாம்மா?"

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. திட்டவும் மனம் வரவில்லை. ஆனால் மனக்கண்ணில், துவரம்பருப்பு மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் அவளுடைய குப்பி வெந்துகொண்டிருந்தது.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அப்துல் வாஹித் அதைப் படபடவென்று தட்டினார். "சவரிராஜ்! காலையில குடுத்தனே, அந்தப் பார்சல்!"

சாப்பிட்ட கையைத் துடைத்தபடி குனிந்து வெளியே வந்தார் சவரிராஜ். "உள்ளதான் இருக்கு பாய். பொட்டி ஜில்லுனு இருந்துச்சு. சரி, நம்ம சரக்கோட சரக்கா கெடக்கட்டும்னு போட்டு வெச்சேன்."

"எந்தச் சரக்கோடங்க?" ஷப்னம் ஷட்டருக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்தாள்.

சவரிராஜ் ஷட்டரைத் தூக்கினார். உள்ளே போய், சுவரோரம் இருந்த நீளமான வெள்ளைப் பெட்டியின் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று குளிர்ப்புகை கிளம்பியது. கோன் ஐஸுக்கும் குச்சி ஐஸுக்கும் நடுவில், பிரிக்காமல் கொள்ளாமல், பத்திரமாகப் படுத்திருந்தது பார்சல்.

ஷப்னத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்துல் வாஹித்தோ அந்தப் பெட்டியின் முகப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சிவப்பு விளக்கெழுத்தில் '-20' என்று மின்னியது.

அவர் ஜம்மென்று நிமிர்ந்தார்.

"பாத்தியாம்மா! பொட்டி மேலயே ப்ளாக் நம்பர் போட்டு வெச்சிருக்காரு. நான் என்ன எடம் மாத்தியா குடுத்தேன்?"