மலையோடு நிற்கும் மழை

தேஹு ரோடு குடியிருப்பின் மொட்டைமாடியில் பங்குனி வெயில் சட்டென்று மங்குகிறது. லோணாவளா பக்கத்து மலைகளின் மேல் மேகம் கறுத்து நிற்க, இடி உருண்டு வருகிறது. "பாவூஸ் ஆலா, பாவூஸ்!" மழை வந்துவிட்டதென்று மராத்தியில் கூவிக்கொண்டே பக்கத்து வீட்டு ஷிந்தே வஹினி தன் அப்பளங்களை வாரிக்கொள்கிறாள். விசாலாக்ஷி மட்டும் பிளாஸ்டிக் விரிப்பில் காயும் வடாத்தை நிதானமாகப் புரட்டிப் போடுகிறாள். வருஷம் முழுவதற்குமான வடாம். "எடுத்துடலாமே, விசாலம்," என்று கணவர் ஸ்வாமிநாதன் விரிப்பின் ஒரு முனையைப் பிடிக்கிறார். "கார்த்தால ரேடியோல கேட்டேளோல்லியோ? சித்திரை முடியற வரைக்கும் மழையெல்லாம் மலையோட சரி, பள்ளத்தாக்குல வெயில்தான்னு. சொன்னது யாரு? வானிலை ஆபீஸ்ல நம்ம வசுதா!" அவர் கையிலிருந்து முனையைப் பிடுங்கி அதன்மேல் செங்கல்லை வைக்கிறாள். என் பெண் சொல்லியிருக்கிறாள் என்று வஹினிக்கும் ஒரு தரம் இந்தியில் சொல்லி, முகவாயை உயர்த்துகிறாள். காற்றில் மண்வாசனை ஏறுகிறது. முதல் சொட்டு அவள் முழங்கையில் விழுகிறது. யாரும் பார்ப்பதற்குள் அதை முந்தானையால் துடைத்துவிட்டு, அடுத்த வடாத்தைப் புரட்டுகிறாள்.