பதினேழு உடைமரங்கள்

அவர் தரையில் குப்புறப் படுத்தார். ஒரு சாண் நீள அட்டை ரயில் பஸ்ஸின் பின்பாதியைக் கழற்றிவிட்டு, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு கண்ணை வைத்தார்.

அவள் தெரிந்தாள்.

நம்பாமல் மறு கண்ணை வைத்தார்.

தெரிந்தாள். வளைவு முடிகிற இடத்தில், தண்டவாளத்தைக் கடக்கும் ஒற்றையடிப் பாதையில், இரண்டு சென்டிமீட்டர் உயரப் பொம்மையாக, சிவப்புச் சேலையில்.

மாடத்தி. ஆடு மேய்த்தவள். மூன்று மாதத்துக்கு முன் அவர் ஓட்டிவந்த நிஜ ரயில் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தவள்.

"மரம் மறைச்சிட்டு சார்" என்றுதான் முதல் விசாரணையில் சொல்லியிருந்தார். பொய்யில்லை. அப்படித்தான் நம்பினார். நம்பாத அதிகாரிகளுக்காகத்தான் இந்தச் சின்ன மாதிரி வடிவத்தையே செய்தார். நாளைக் காலை இரண்டாம் விசாரணையில் அவர்கள் முன்னால் வைத்து, நீங்களே குனிந்து பாருங்கள் என்று சொல்லிவிடலாம்.

சஸ்பெண்ட் ஆன மனிதருக்கு நேரத்துக்கா பஞ்சம்? டேப்பை எடுத்துக்கொண்டு போய் வளைவை அங்குலம் அங்குலமாக அளந்துவந்தார். எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினார். இருநூறு மீட்டர் வழி, கூடத்தில் அலமாரியிலிருந்து வாசற்படி வரை வந்தது.

வளைவோரத்தில் முள்ளடர்ந்த உடைமரங்கள் பதினேழு. தேங்காய் நாரைப் பச்சை மையில் தோய்த்து ஒவ்வொன்றாக நட்டார். ஒன்றைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உள்ளபடி செய்தால் போதும் என்று இருந்துவிட்டார்.

பாழாய்ப்போன ரயில் பஸ். இழுக்க எஞ்சின் கிடையாது, ஒற்றைப் பெட்டியே டீசலில் ஓடும். பார்வையை மறைக்க முன்னால் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. கண்ணாடி, அதை விட்டால் தண்டவாளம்.

ஐந்தாவது மரத்துக்கும் ஆறாவது மரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி. அதில் அவள் முழுசாக நின்றாள்.

அப்படியென்றால் அன்றைக்கு அவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்?

எவ்வளவு யோசித்தும் மரம்தான் நினைவுக்கு வந்தது.

அவளை இப்போதுதான் கொன்றதுபோல் இருந்தது.

நாளைக்கு உடுத்த வேண்டிய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மடித்துக்கொண்டு மனைவி ஜெபமணி வந்தாள். வேலை நிலைக்குமா என்று மூன்று மாதமாக ஒரு வார்த்தை கேட்காதவள்.

தான் பார்த்ததைச் சொல்லாமல், ஓட்டுநர் இருக்கை வழியாக ஒரு தடவை பார்க்கச் சொன்னார்.

அவள் அவர் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தாள்.

அவர் வளைவின் அந்தப் பக்கம் போனார். மாடத்தி நிற்கும் இடத்துக்குப் பின்னால் கன்னத்தைத் தரையில் வைத்தார். அங்கிருந்து ரயில் பஸ்ஸின் முகம் நன்றாகவே தெரிந்தது.

"ஒண்ணும் தெரியலியே," என்றாள் ஜெபமணி. "மரந்தான் நிக்கு."

ரயில் பஸ்ஸின் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் இறுக மூடியிருந்தது.