ஊமை வண்டி

“அப்பாதான்மா. வேற யாரு செஞ்சிருப்பா?”

வெள்ளைக் கல்யாண உடுப்பை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்தபடி, அத்தை வீட்டு வாசலில் தன் காரின் பானெட்டுக்கு முன்னால் நின்றாள் சொலேன். ஹாரனை அழுத்தி அழுத்தி விரல் நொந்ததுதான் மிச்சம்; ஒரு முனகல்கூட வரவில்லை.

சற்று நேரத்தில் மேயர் அலுவலகத்தில் கல்யாணம். பிரான்சின் வடக்கே இந்தப் பிக்கார்டி கிராமங்களில் பெண் ஏறிய வண்டிதான் முன்னால் போகும். அது ஹாரன் அடித்தால்தான் பின்னால் வரும் சொந்தக்காரர்கள் அடிப்பார்கள், ஊரே வாசலுக்கு ஓடிவரும்.

அந்த வண்டி அப்பாவுடையதாக இருப்பதுதான் வழக்கம். ஆனால் ரெஜிஸ் மகளோடு பேசியே மாதக்கணக்காகிவிட்டது. மாப்பிள்ளை லோயிக், ஊருக்கு வெளியே காற்றாலை நட வந்த இஞ்சினியர். அந்தக் காற்றாலைகள் கூடாதென்று வெயிலிலும் மழையிலும் தட்டி பிடித்து நின்றவர் ரெஜிஸ்.

“அந்தக் காத்தாடிக்காரன் கல்யாணத்துக்கு என் வாசல்ல ஒரு ஹாரன் சத்தம் கேக்கக் கூடாது” என்பதுதான் மகளிடம் அவர் கடைசியாகச் சொன்னது.

“ரிப்பன் கட்டறதுக்குன்னு உன் வண்டியை நேத்து நம்ம வீட்டு முற்றத்துல நிறுத்தினேன் பாரு, எம் புத்தியைச் சொல்லணும்” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் அம்மா நதேஜ்.

அத்தை மகன் பஸ்தியான் கோட்டைக் கழற்றிவிட்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்திருந்தான். “ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் வேற மாட்டிட்டேன். அழுத்து.”

‘க்ளிக்’ என்றது உள்ளே. அவ்வளவுதான்.

“ரிலே வேலை செய்யுது. ஸ்டீயரிங்லயும் கோளாறு இல்ல. அப்போ ஹாரன்லதான் ஏதோ...” முன்னால் வந்து கம்பி வலைக்குப் பின்னால் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். அவன் முகம் மாறியது.

“கோளாறு இல்ல சொலேன். ஹாரனே இல்ல.”

போல்ட்டைப் பதமாகக் கழற்றியிருந்தார்கள். தொங்கிய இரண்டு வயர் முனைகளிலும் கறுப்பு டேப் ஒழுங்காகச் சுற்றியிருந்தது.

“ஷார்ட் ஆகக் கூடாதுன்னு டேப்பெல்லாம் சுத்தி வெச்சிருக்கான். ரொம்ப நல்ல திருடன்டி!”

“திருடன் இல்ல. எங்கப்பன்.”

“காலையிலேர்ந்து காரேஜை உள்ள பூட்டிக்கிட்டு இருக்காரு. காபிகூட வேணாம்னுட்டாரு” என்றாள் அம்மா. “ஆத்தோரமா போயிடலாம்டி. நம்ம வீட்டு வாசல் வராது. எதுக்கு வம்பு?”

“முடியாதும்மா. அந்த வாசல் வழியாத்தான் போவேன்.”

“ஹாரன் இல்லாமயா?”

பஸ்தியான் சிரித்தான். “மாமா மாதிரி ஜன்னல் வழியா கையை விட்டுக் கதவைத் தட்டிக்கிட்டே போக வேண்டியதுதான். அவரு வேன் எத்தனை வருஷமா அப்படி ஓடுது!”

“கதவு பத்தாது. சமையக்கட்டுல இருக்கறதுலயே பெரிய சட்டியை எடு, கரண்டியோட!”

வண்டிகள் கிளம்பின. மணப்பெண்ணே ஓட்ட, மடியில் சட்டியுடன் பக்கத்தில் அம்மா. பின்னால் வந்தவர்கள் முன் வண்டியின் ஒலிக்காகக் காத்து, ஹாரனில் கை வைக்காமலே வந்தார்கள். கல்யாண ஊர்வலம் சவ ஊர்வலம்போல் ஊர்ந்தது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தவர்கள் முகத்தில் குழப்பம்.

அப்பாவின் வாசல் வந்தது. சொலேன் நடுத் தெருவில் வண்டியை நிறுத்தினாள். சட்டியை வாங்கிக்கொண்டு ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே வந்தாள். முக்காடு காற்றில் பறந்தது.

“ஹாரனைத்தான கழட்டுவீங்க? இதைக் கழட்டுங்க பாக்கலாம்!”

டங், டங், டங். கரண்டியின் காம்பு வளைந்தது. அவள் நிறுத்தவில்லை. கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

காரேஜ் கதவு மேலே உருண்டது.

அப்பாவின் பழைய வேன், சேறெல்லாம் கழுவப்பட்டு, பானெட்டில் கோணல்மாணலாக வெள்ளை ரிப்பனோடு வெளியே வந்தது. உள்ளே சவரம் செய்த முகமும் இறுகிய கோட்டுமாக ரெஜிஸ். தெருவே அதிர ஹாரனை அழுத்தினார். தொண்டை கட்டிய வாத்துபோல் ஒரு சத்தம். அது சொலேனுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அவள் காரின் சத்தம்.

சட்டி கை நழுவித் தெருவில் உருண்டது.

ரெஜிஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“பின்ன, எம் பொண்ணை ஊமை வண்டியிலயா கூட்டிட்டுப் போவேன்? ஏறுடி!”