கருப்பசாமி யார் சாயல்?

"மூக்கைப் பாருங்க. எங்க தாத்தாவேதான்" என்றார் விருமாண்டி.

"கண்ணு எங்க அய்யா கண்ணு. முதல் மரியாதை எங்க வீட்டுக்குத்தான்" என்றார் பேயாண்டி.

"அப்ப மீசை? எங்க மாமனாரு மீசைல்ல அது" என்றாள் அன்னக்கொடி.

எழுமலைக்குப் பக்கத்து ஊர் அது. மறுநாள் சிவராத்திரி. ஒடிசாவிலிருந்து வந்த சுதர்சன் மகாராணா, மூன்று மாதம் கோயில் கொட்டகையில் உட்கார்ந்து கருப்பசாமியை மரத்தில் செதுக்கி, வர்ணம் தீட்டி, அன்றைக்குத்தான் துணியை விலக்கியிருந்தான். மகாராணா என்ற பேர் ஊர் வாயில் மகாராசா ஆகியிருந்தது.

விருமாண்டி இஞ்சு டேப்பால் சாமி மூக்கை அளந்தார். பிறகு தன் மூக்கை அளந்தார்.

"அரை இஞ்சுதான் வித்தியாசம்."

"சாமி மூக்குதான் சின்னது" என்றார் பேயாண்டி.

சட்டைக் கைகள் மேலே ஏறின. யாரோ இடையில் புகுந்து, "மகாராசா, நீயே சொல்லு. யாரை நெனச்சுச் செதுக்குன?" என்றார்.

சுதர்சன் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவர்கள் சொன்ன மூன்று பெரியவர்களும் அவன் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்கள். போட்டோகூடப் பார்த்ததில்லை.

"மூக்கு விருமாண்டி ஐயா தாத்தா. கண்ணு பேயாண்டி ஐயா அப்பா. மீசை அக்கா மாமனார்" என்றான். "கனவுல மூணு பேரும் வந்தாங்க."

அதோடு சண்டை தீர்ந்தது. மரியாதை மூன்று வீட்டுக்கும் பொது என்று முடிவானது. மூவரும் சாமி காலில் விழுந்து எழுந்தார்கள்.

"பொழைக்க வந்தவன் கூசாம எம்புட்டுப் பொய் சொல்றான்" என்று பூசாரி தங்கப்பாண்டி முணுமுணுத்தார்.

சுதர்சன் பெயின்ட் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் மலைச்சாமி நின்றிருந்தார். அவர் தெருக்காரர்கள் கல்லைத் தாண்டக் கூடாது என்பது ஊர் வழக்கம். மகாராசா என்று கூப்பிட்ட ஊரில், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். மூன்று மாதமும் அந்தக் கல்லடியில் நின்று அவனுக்குச் சோறு கொடுத்தவர்.

மலைச்சாமி தூரத்திலிருந்தே சாமியை உற்றுப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"எங்கயோ பார்த்த மூஞ்சியா இருக்கேப்பா. உண்மையில யாரு அது?"

சுதர்சன் குரலைத் தாழ்த்தினான்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணே. வீட்டுக்குப் போயி, கண்ணாடியில பாருங்க."