டாக்டரிடம் கேட்க வேண்டியது

"இது ஒட்டுவாரொட்டியா டாக்டர்? ஒரே தட்டுல சாப்பிட்டா மத்தவங்களுக்கும் வந்துடுமா?"

என் மனைவி இப்படிக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று டாக்டர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். வரும் வழியெல்லாம், "பொழைச்சுக்குவேனா டாக்டர்னு நேரா கேட்டுடு" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நானே கேட்கலாம்தான். ஆனால் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். "நீங்க சும்மா உட்காருங்க, நான் கேட்டுக்கிறேன்" என்று என்னை அடக்கிவிட்டாள்.

இவளா ஒட்டுமா என்று கேட்பது! ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் காலமெல்லாம் உட்கார்ந்து, "எதிர்ல போர்டுலயே எழுதியிருக்கு, அதையும் வந்து கேட்கிறாங்க" என்று தினமும் புலம்பிய மகராசி!

"ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிடலாம்" என்றார் டாக்டர்.

சிரிக்கவே தெரியாத முகம். கண்ணும் எங்கள் மேல் இல்லை. எங்களைத் தாண்டி, சுவரோரப் பெஞ்சைப் பார்த்துப் பேசினார். அடுத்த நோயாளியை முன்கூட்டியே உள்ளே உட்கார வைப்பது அங்கே வழக்கம். ஓர் இளம்பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எப்போது எழுவோம் என்று காத்திருக்கிறாராக்கும்!

"கைக்குழந்தையைத் தூக்கலாமா டாக்டர்?"

எந்தக் கைக்குழந்தை? எங்கள் ஒரே மகன் மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறான்.

"மடியில வெச்சு தாராளமா கொஞ்சலாம். ஆபரேஷன் ஆனா, கொஞ்ச நாளைக்குக் கனமா எதையும் தூக்கக் கூடாது."

"வேலைக்குப் போகலாமா?"

ரிட்டயர் ஆனவளுக்கு எந்த வேலை? அவள் கையைக் கிள்ளினேன். கண்டுகொள்ளவே இல்லை.

"சிகிச்சை நடக்கிறப்ப ஓய்வு வேணும். அப்புறம் போகலாம்."

"கடைசியா ஒண்ணு டாக்டர். நான் பண்ணின பாவம்தான் இப்படி வந்திருக்குன்னு மாமியார் சொல்றாங்க. அப்படியும் இருக்குமா?"

என் அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு! அதிர்ச்சியில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே பயந்து போனேன்.

"பாவமும் இல்லை, சாபமும் இல்லை. இது ஒரு வியாதி. வந்தவங்க மேல எந்தத் தப்பும் கிடையாது. யார் கேட்டாலும் டாக்டர் சொன்னார்னு சொல்லும்மா." அதையும் பெஞ்சைப் பார்த்தே சொன்னார்.

"போதும் டாக்டர்" என்று எழுந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் வெடித்தேன். "உனக்கென்ன பைத்தியமா? ஊர்ல இல்லாத கேள்வியெல்லாம் கேட்டியே, கேட்க வேண்டியதைக் கேட்டியா?"

"கத்தாதீங்க. நீங்க வண்டியை நிறுத்தப் போனப்ப பெஞ்சுல இருந்த அந்தப் பொண்ணு வெளியே என் பக்கத்துல உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தா. அவளுக்கும் இதே வியாதிதான். டாக்டரைப் பார்த்தாலே பேச்சு வர மாட்டேங்குதாம். போன தடவையும் ஒண்ணும் கேட்காமலே திரும்பிட்டாளாம். கவுண்டர் வரைக்கும் வந்துட்டுக் கேட்காம போற மூஞ்சியை நான் எத்தனை பார்த்திருக்கேன்! அதான், அவ கேள்வியை நான் கேட்டேன். டாக்டரும் புரிஞ்சுக்கிட்டு அவளுக்கே பதில் சொன்னார்."

தன் தலையில் இடி விழுந்த நேரத்தில் அடுத்தவளுக்காக வாய் திறக்க ஒரு மனுஷியால் முடியுமா! இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"சரி... நம்ம கேள்வி?"

அவள் முகம் வாடியது. "அதை மட்டும் கேட்க எனக்கும் நாக்கு எழலைங்க. பயமா இருந்துச்சு."

கதவு திறந்தது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

"அம்மா, டாக்டர் உங்களை மறுபடி வரச் சொல்றார். சிரிச்சுக்கிட்டே சொன்னார்."

"எதுக்கும்மா? நீ அவர்கிட்ட பேசினியா?"

"பேசினேன்மா. எனக்குக் கேட்க வேண்டியதெல்லாம் நீங்களே கேட்டுட்டீங்க. அதனால நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்." என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "'அந்த அம்மா பொழைச்சுக்குவாங்களா டாக்டர்?'"