திரும்பி உட்கார்ந்தவர்

அந்த டான்ஸ் பாரில் திரவியத்துக்கென்று தூணோரமாக ஒரு மேசை உண்டு. வருஷக்கணக்காகச் செண்பகாவின் ஆட்டத்தைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தார். உன்னைக் கல்யாணம் பண்ணிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று அவளிடம் பலதடவை சொல்லியும் இருக்கிறார். எல்லாம் குடித்திருந்தபோது சொன்னது. செண்பகா இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட, அவள் இடத்தில் தங்கை ஆட வந்தாள். முப்பதை நெருங்கிய பெண். அக்காவின் அதே நடை, இன்னும் கொஞ்சம் துணிச்சல். செண்பகாவுக்குப் போன் செய்வதை அன்றோடு நிறுத்தினார் திரவியம். சனிக்கிழமை சாயங்காலம் வெயிட்டரை அனுப்பி, தங்கையைத் தன் மேசைக்கு முன்னால் வந்து ஆடச் சொன்னார்.

வந்தாள். பக்கத்து மேசையில் கைதட்டினார்கள். அவள் ஆடாமல் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"சௌக்கியமா, அத்தான்? அக்கா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கா."

அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் சிரித்துச் சமாளித்திருப்பார்.

"அத்தான்னு யாரு சொன்னது?"

"அக்காதான். போட்டோ காட்டி வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா."

பாட்டு தொடங்கிவிட்டது. கல்லாவிலிருந்து முதலாளி முறைத்தார். தோளில் சேலையைப் பிடித்திருந்த ஊக்கில் கைவைத்தபடி அவள் தயங்கினாள்.

"நான் ஆடணும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க, அத்தான்."

திரவியம் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். யாரோ சிரித்தார்கள். முதுகுக்குப் பின்னால் விசில் கிளம்பியது. எழுந்து போய்விடலாம் என்றால், அவளைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும்.