பந்தக்கால் பிடித்த தெரு

தன் குழியைத் தானே மூடிக்கொள்ளும் சாலை எங்கள் தெருவுக்கு வந்த பிறகும், மகள் கல்யாணத்துக்கு ஷர்மிளா வாசல் ரோட்டில் கடப்பாரையால் குழி தோண்டித்தான் பந்தல் போட்டாள். கல்யாணம் முடிந்து பிரிக்கப் போனால், நான்கு கால்களையும் சாலை இறுகப் பிடித்திருந்தது.

மாநகராட்சி அதிகாரியம்மா வந்து பார்த்தார். "பிடுங்கக் கூடாதும்மா. பிடுங்கினா ரோடு சேதமாயிரும்."

"அப்ப பந்தல் இங்கயே நிக்கட்டுங்க."

"விசேஷம் நடக்குற வீட்டுலதான் பந்தல் நிக்கலாம். இல்லாட்டி ஆக்கிரமிப்பு."

ஷர்மிளா யோசிக்கவே இல்லை. பெண் பார்க்கக் கிளம்பினாலே வயிற்றுவலி வந்துவிடும் தன் மூத்த மகன் நிலவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த விசேஷம் இவனுக்குத்தாங்க. பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்."

"சரி, முகூர்த்தம் முடியுற வரைக்கும் இருக்கட்டும்."

நிலவன் சத்தமில்லாமல் நழுவித் தன் காரில் ஏறினான். கார் முனகியதே தவிர நகரவில்லை. தப்பாகத் தோண்டிய ஐந்தாவது குழியை மறைக்க, அவனேதான் பந்தல் போட்ட அன்றைக்குப் பின்சக்கரத்தை அதில் இறக்கி நிறுத்தியிருந்தான்.

அதிகாரியம்மா கண்ணாடியைத் தட்டினார். "தெருவுல வண்டி நிறுத்தக் கூடாது தம்பி. மாப்பிள்ளை கார்னா மட்டும் விட்டுருவோம்."